மாசியில் முடிந்த வெள்ளக் கணக்கு

மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தேனீ வளர்ப்பவர்களுக்கு வருமானம் மாசி, பங்குனியில்தான். குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் ரப்பர் மரம் மறுபடி துளிர்க்கும்போது, இளம் இலைக்காம்பின் நுனியில் தேன் சுரக்கும். பூவைத் தேடிப் போகாமல் அந்த இலைகளிலேயே ஈக்கள் தேன் எடுக்கும். ஆனி பிறந்தால் கார்த்திகை வரை பெட்டியிலிருந்து ஒன்றும் கிடைக்காது. நாம்தான் சீனிப்பாகு வைத்து அதைக் காப்பாற்ற வேண்டும். ஐப்பசியில் ஒரு கூடு அழிந்தால் அடுத்த மாசியின் தேனும், அந்தக் கூட்டைப் பிரித்து உண்டாக்கும் புதுக் கூடுகளும் சேர்ந்தே போகும். 2021 நவம்பர் வெள்ளம் எங்கள் பெட்டிகளைப் பிடித்தது சரியாக அந்த ஐப்பசிக் கடைசியில்.

மழைக்காலத்தில் பெட்டிகளை ஆற்றங்கரைத் தென்னை விளையில் வைப்பது எங்கள் வழக்கம். ரப்பரில் ஒன்றும் இல்லாத மாதங்களில் தென்னையும் வாழையும்தான் ஈக்குத் துணை. தென்னம்பாளை ஆண்டு முழுக்க விரிந்து மகரந்தம் தரும். விளைக்காரருக்கும் காய்ப்பு கூடும் என்பதால் அவர் இடவாடகை கேட்டதில்லை.

மழைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துதான் வைத்திருந்தோம். மூடிக்கு மேல் கமுகம்பாளை, அதன்மேல் கல். சாரல் உள்ளே தங்காமல் வடிய, பெட்டியை வாசல் பக்கம் கொஞ்சம் சாய்த்து, வாசலையும் சிறிதாக்கியிருந்தோம். ஒற்றைக்கால் தாங்கியின் மேல் இடுப்பு உயரத்தில் நின்றன பெட்டிகள். இத்தனையும் மேலிருந்து வரும் தண்ணீருக்கான காவல்.

எங்கள் ஆறு கீழிருந்து ஏறும். பேச்சிப்பாறையிலிருந்து வரும் கோதையாறும் பெருஞ்சாணியிலிருந்து வரும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுகின்றன. பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இரண்டும் நிறைந்து தண்ணீர் திறந்தால், நம் ஊரில் மழை விட்டிருந்தாலும் ஆறு ஏறிக்கொண்டே இருக்கும். நவம்பர் 12, 13 தேதிகளில் மழையும் விடவில்லை, அணைத்தண்ணீரும் நிற்கவில்லை.

நள்ளிரவுக்கு மேல் விளைக்காரர் போனில் கூப்பிட்டார். "மக்கா, வெள்ளம் வாழைக்குள்ள கேறிட்டு. பெட்டி வேணும்னா இப்ப வா."

நானும் அண்ணனும் டார்ச்சோடு போனபோது முழங்கால் அளவு தண்ணீர். அந்த நேரத்தில் ஒரே ஒரு வசதி, ராத்திரியிலும் மழையிலும் ஈக்கள் எல்லாம் உள்ளேயே இருக்கும். வாசலைத் துணியால் அடைக்காமல், கொசுவலைத் துண்டை மடித்துக் கட்டினோம். காற்றில்லாமல் மூடினால் கூடு பதறும், சூடேறும், அடை இளகும். தண்ணீரிலிருந்து தப்பிய கூடு மூச்சு முட்டிச் சாகும். பெட்டியைச் சுற்றிக் கயிறு போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அசைக்காமல் கரையேற்றினோம். இந்தியத் தேனீயின் அடை மென்மையானது. ஒரு குலுக்கலில் சட்டத்திலிருந்து அறுந்து ராணியின் மேலேயே விழும்.

மேட்டுப் பக்கம் இருந்த மேல் வரிசையைக் கரைசேர்த்துத் திரும்பியபோது தண்ணீர் தொடையைத் தாண்டியிருந்தது. வாழைகள் குலையோடு சாய்ந்து வழியை மறித்தன. "போதும்ல, நீ கேறு. பெட்டி பெறவு வாங்கலாம்," என்று விளைக்காரர் அதட்டினார். ஆற்றுப் பக்கம் இருந்த கீழ் வரிசை எங்கள் டார்ச் வெளிச்சத்திலேயே போனது. நாங்கள் வைத்திருந்தது நியூட்டன் பெட்டி. அடிப்பலகை, புழு அறை, தேன் அறை, மூடி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை, ஆணி கிடையாது. தண்ணீர் தூக்கியதும் முதலில் மூடி கழன்றது, பிறகு ஒவ்வொரு தட்டாகப் பிரிந்தது. கயிறு கட்டி முடித்தும் தூக்க முடியாமல் விட்டுவந்த ஒரு பெட்டி மட்டும் முழுசாக மிதந்துபோய், கீழே ஒரு மூங்கில் புதரில் தட்டி நின்றது. மறுநாள் பார்த்தபோது மேல் சட்டங்களில் ஈ உயிரோடு மொய்த்திருந்தது.

விடிந்தபோது குழித்துறை சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் இருந்தது. மண் சரிந்து நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரயில் பாதையும் முடங்கியிருந்தது. எங்கள் பெட்டிகள் சித்தப்பா வீட்டு மாடியில். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எத்தனை போச்சு?" கீழ் வரிசையை எண்ணிச் சொன்னோம். மார்கழிக்குள் அது இரண்டு மடங்கைத் தாண்டியது. தண்ணீர் கொண்டுபோனதைவிட, தண்ணீர் வடிந்த பிறகு போனதே அதிகம்.

முதலில் இடம். ஈ தன் கூட்டை நினைவில் வைப்பது இடத்தைக் கொண்டுதான். அரை கிலோமீட்டர் தள்ளி வைத்தால் வெளியே போனது பழைய இடத்துக்கே திரும்பும். வாசல்களுக்கு முன்னால் தழைக்கொம்புகளைச் சாய்த்துவைத்தோம். புது இடம் என்று தெரிந்து, ஈ நின்று சுற்றிப் பார்த்துவிட்டுப் பறக்கும் என்பதற்காக. அப்படியும் வெயில் அடித்த அன்று ஒரு கூட்டம் சேறு மூடிய விளைக்கு மேல், பெட்டி இருந்த உயரத்திலேயே வட்டமிட்டது.

அடுத்தது அடை. சேற்றுத் தண்ணீர் புகுந்த கண்ணறைகளில் புழுக்கள் செத்து நாற்றமெடுத்தன. அவற்றை வெட்டி எடுத்தால் கூடு சிறுத்துவிடும். விட்டுவைத்தால் ஈ பெட்டியையே விட்டு ஓடிவிடும். அடை முழுவதையும் மூடி நிற்க ஈ இல்லாத கூட்டில் மெழுகுப்பூச்சி முட்டையிடும். கொஞ்ச நாளில் அடைக்குள் நூலாம்படை. வெள்ளத்துக்குத் தப்பி மேட்டுக்கு வந்த எறும்புகளும் பெட்டியைத்தான் தேடின. தாங்கிக் கால்களைச் சுற்றி எண்ணெய்க் கிண்ணம் வைத்துத் தடுத்தோம்.

எல்லாவற்றுக்கும் மேலே பசி. வாழை விழுந்துவிட்டது, தென்னம்பாளையில் மகரந்தம் கழுவிப்போய்விட்டது. அந்த வாரங்களில் அண்ணன் பாகு காய்ச்சாத நாள் குறைவு. பலவீனமான கூடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தோம். நடுவில் ஒரு செய்தித்தாளை வைத்தால், அதைக் கடித்துத் துளைத்து முடிப்பதற்குள் இரண்டு கூட்டின் வாசனையும் கலந்து சண்டை வராது. பெட்டி எண்ணிக்கை பாதியாவதைப் பார்த்து அம்மாவுக்கு வயிறு எரிந்தது. ஆனால் சேர்க்க மனம் வராமல் தனித்தனியே வைத்திருந்த சிலவும் பூச்சிக்குத்தான் போயின.

ஒக்கி புயலிலும் இதுவே நடந்தது. 2017 நவம்பர் 30 காலையில் கவிழ்ந்த பெட்டிகளை நிமிர்த்திவைத்து, சேதம் குறைவு என்று ஆறுதல் பட்டோம். அடுத்த மாசியில் துளிர்க்க வேண்டிய ரப்பர் மரங்கள் ஏக்கர் கணக்கில் வேரோடு கிடந்தன. மறுபடி நட்ட கன்று பால்வெட்டுக்கு வரவே ஏழு ஆண்டு ஆகும். எண்ணும்போது பெட்டி இருந்தது, எடுக்கும்போது தேன் இல்லை.

2022 மாசியில் எங்களுக்குக் கிடைத்த தேன் சீனிக் கடனை அடைத்தது. கையில் வேறு எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் பிரித்து வளர்க்கக் கூடு இருந்தது. இப்போது புரட்டாசி முடிவதற்குள் பெட்டிகள் மேட்டு விளைக்கு ஏறிவிடும். அன்று தண்ணீர் நின்ற அளவு விளைக்காரர் வீட்டுச் சுவரில் பெயின்ட் கோடாக இருக்கிறது. அதற்குக் கீழே எந்தப் பெட்டியும் கிடையாது. மழைக்காலம் முழுக்க ஒவ்வொன்றும் கயிற்றுக்கட்டில்தான் இருக்கும். புதிதாகத் தேனீ வளர்ப்பவர்கள் வந்து வெள்ளத்துக்கு என்ன செய்வது என்று கேட்டால், கயிற்றைப் பற்றி இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதலில் ஒரு மூடை சீனி வாங்கி மச்சில் ஏற்றிவைக்கச் சொல்வேன்.