கறுத்த முகமும் காமிராவும்

மாலை போடுவதற்குத் தனக்கு ஒரு படம் வேண்டும் என்று என் அப்பாயி கேட்டாள். இதில் வாசகர்கள் திடுக்கிட ஒன்றுமில்லை. தோட்டத்திலே பிறந்து வளர்ந்த கிழவிகள் சாவைப் பற்றி, நாளைச் சமையலைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுவார்கள் என்பது தோட்டத்து அன்பர்கள் அறிந்ததே. எழுபத்தைந்து வயது கடந்தும் அவள் தனக்கென்று விரும்பி எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லை. இருந்தவையெல்லாம் சர்க்கார் கேட்டு எடுத்தவை: முதலில் சிவப்பு அடையாள அட்டை, வெகுகாலம் அலைந்தபின் நீல அட்டை, அதன்பின் கடப்பிதழ். அம்மூன்றிலும் இரண்டு கண்களும் ஒரு வெள்ளை ரவிக்கையும் தெரியுமேயன்றி முகம் தெரியாது.

இது 2006-ஆம் ஆண்டில் நடந்தது. அப்பொழுது நான் தெம்பனிஸில் ஒரு கல்லூரியில் படம் பிடிக்கும் கலையைப் பயிலும் மாணாக்கன். அப்பாயி ஜொகூரிலிருந்து சில மாதம் தங்கிப் போக எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்திருந்தாள். மூத்தவர் ஒருவரின் முகப்படம் எடுத்து வருமாறு வகுப்பில் எங்களுக்கு இட்டிருந்தார்கள். அப்பாயியின் ஆசையும் என் பாடமும் ஒன்றாகக் கூடிவந்ததே என்று மகிழ்ந்தேன்.

வகுப்பில் எங்கள் ஆசிரியர், வெளுத்த நிறமுடைய ஒரு மாணவியை நாற்காலியில் அமர்த்தி, விளக்குகளைத் திருத்தி, ஒளித்துவாரம் இவ்வளவு, வேகம் இவ்வளவு என்று பலகையில் எழுதிக் காட்டினார். முகம் என்றால் அதுதான் கணக்கு என்று நாங்களும் எழுதிக்கொண்டோம். அந்தக் கணக்கைப் பக்தியோடு வீட்டுக்கு எடுத்துவந்தேன். கூடத்தின் வெள்ளைச் சுவர் துப்புரவாக இருக்கிறதென்று அதன் முன்னே அப்பாயியை உட்கார வைத்தேன். அவளோ எனக்கு முன்பே ஆயத்தமாகி, குட்டிகூரா பவுடரை முகத்தில் அப்பிக்கொண்டு வந்திருந்தாள். "கொஞ்சம் வெள்ளையா விழுற மாதிரி எடு ராசா," என்றாள்.

விளைவு என்னவென்று விளக்கவும் வேண்டுமோ? கண்ணும் பல்லும் மூக்குத்தியும் மின்ன, மற்றதெல்லாம் கரியும் சாம்பலுமாக இருந்தது. அதைக் கண்ட ஆசிரியர், "நிறம் கறுப்பு, என்ன செய்வது? கணினியில் வெளுக்க வைத்துக்கொள்," என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தலைவலிக்கு மருந்து சொல்வதுபோலச் சொன்னார். அதனாலேயே எனக்கு அது அதிகமாக வலித்தது.

தெம்பனிஸ் வட்டார நூலகத்தில் பல மாலைகள் உட்கார்ந்து இந்தச் சங்கதியைத் துருவினேன். குற்றம் அப்பாயியின் தோலில் இல்லை. சுவரிலும் என் கணக்கிலும் இருந்தது. காமிராவினுள் இருக்கும் ஒளிமானிக்கு மனிதர் தெரியாது. எதிரே உள்ள காட்சி, தன்மேல் விழும் ஒளியில் சராசரியாக நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறம் என்றே அது எண்ணும். வெள்ளைச் சுவர் காட்சியை நிறைத்துக்கொண்டால், ஒளி மிகுந்துவிட்டதென்று கருதிக் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், கறுத்த முகம் இன்னும் கறுத்துப்போகும். முகத்தைவிட இருண்ட பின்னணி வேண்டும். அளவை முகத்திலேயே எடுக்க வேண்டும். அன்றியும், வெளுத்த முகம் நிழலால் உருப்பெறுகிறதென்றால் கறுத்த முகம் தன்மேல் படரும் மினுமினுப்பால் உருப்பெறுகிறது. பவுடர் அந்த மினுமினுப்பைத்தான் முதலில் கொல்கிறது. விளக்கு சிறிதாக இருந்தால் மினுமினுப்பும் ஒரு புள்ளியாக நின்றுவிடும். ஒளி அகன்று பரந்து வந்தால்தான் கன்னம், நெற்றி, தாடை எல்லாம் துலங்கும்.

இந்த ஓரவஞ்சனைக்கு ஒரு சரித்திரம் உண்டென்பதைப் பிற்காலத்தில் அறிந்தேன். கோடாக் கம்பெனியார் படச்சுருள் விற்ற காலத்தில், நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க, அச்சிடும் கூடங்களுக்கு ஒரு வெள்ளைக்கார மாதின் படத்தை அனுப்பிவைத்தார்கள். அதற்கு ஷெர்லி அட்டை என்று பெயர். அவள் நிறம் சரியென்றால் உலகத்தார் நிறமெல்லாம் சரி! பழுப்பு நிறங்கள் பேதம் தெரியாமல் விழுகின்றன என்ற முறையீட்டுக்குக் கம்பெனியார் பிற்பாடு செவிசாய்த்ததில் மரச்சாமான் வியாபாரிகளுக்கும் சாக்கலேட் வியாபாரிகளுக்கும் பெரும்பங்கு உண்டாம். நாற்காலிக்குக் கிடைத்த நியாயம் நம் முகத்துக்குக் கிடைக்கத் தாமதமாயிற்று. நம் ஊர்க் கதையும் இதற்குத் தாழ்ந்ததன்று. சிங்கப்பூரில் காசுக்கு முகப்படம் எடுத்துத் தருவதாக 1843-லேயே துத்ரோங்குவா என்னும் விடுதிக்காரர் விளம்பரம் செய்தார். பின்னர் லாம்பர்ட் கம்பெனியார் இந்நாட்டு மக்களை வகைவகையாகப் படமெடுத்து விற்றார்கள். அக்காலத்துப் படங்களில் நம்மவர் பெயரில்லாமல் "கிளிங்" என்ற குறிப்போடு நிற்கிறார்கள். அவர்கள் படம் கேட்டவர்கள் அல்லர், படத்தில் அகப்பட்டவர்கள்.

வெள்ளைக்காரனை மட்டும் நோவானேன்? பெண்ணின் போட்டோவை வெளுக்க வைத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் யோக்கியதை நம்மிடமும் இருக்கிறது.

போகட்டும். ஒருநாள் பிற்பகல் தெம்பனிஸில் மேகம் திரண்டு மழை கொட்டியது. வானம் முழுவதும் ஒரே வெண்திரை போலாயிற்று. இதைவிட அகன்ற விளக்கை எவரும் விலைக்கு வாங்க முடியாது. தாழ்வாரத்தில், எங்கள் வீட்டின் கரும்பழுப்பு மரக்கதவை ஒட்டி ஒரு முக்காலியைப் போட்டேன். அப்பாயி அப்பொழுதுதான் குளித்து, வழக்கம்போல முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாள். "இரு, பவுடர் போட்டுக்கிட்டு வர்றேன்," என்றாள். "வேண்டாம் அப்பாயி, மழை விட்டுவிடும்," என்று பொய்ப் பரபரப்புக் காட்டி உட்கார வைத்தேன். ஒளி ஒரு பக்கமிருந்து விழும்படி அவளைச் சற்றே திருப்பினேன். மறுபக்கத்து நிழல் அதிகம் இருளாதபடி ஒரு வெள்ளை அட்டையை என் தங்கை பிடித்துக்கொண்டாள்.

அவள் காமிராவைப் பார்க்கவில்லை. மழையைப் பார்த்தாள். "மழைன்னா வெட்டு இல்லை. வெட்டு இல்லைன்னா கூலி இல்லை. விடியல் நாலு மணிக்கு எழுந்து, நெத்தியிலே விளக்கைக் கட்டிக்கிட்டு, இப்படித்தான் வானத்தைப் பார்த்துக்கிட்டு நிப்போம்," என்றாள். அப்பொழுது பொத்தானை அழுத்தினேன்.

அச்சிட்டு வந்த படத்தை அவளிடம் கொடுத்தேன். வெகுநேரம் பேசவில்லை. கன்ன எலும்பின் மேல் எண்ணெய் ஒளிவிட்டது. கண்ணோரச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியனவாக இருந்தன. கறுப்பு, கறுப்பாகவே இருந்தது. கோபித்துக்கொள்வாளோ என்று பயந்தேன். "எங்க ஆத்தா மாதிரி இருக்கேன்டா," என்றாள். அவள் ஆத்தாளுக்குப் படமே கிடையாது.

வகுப்பில் அந்தப் படத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. பின்னணியை எப்படித் தேர்ந்தாய் என்று ஆசிரியர் கேட்டு, தம் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். அந்த நேர்மையை நான் மறைக்கலாகாது.

ஐந்தாண்டு கழித்து ஜொகூரில் அப்பாயி இறந்தாள். பெரிதாக்குவதற்கு அப்பா அந்தப் படத்தை ஒரு கடையில் அவசரமாகக் கொடுத்தார். கடைக்காரர், கேளாமலே, வழக்கப்படி அவளைச் சிவக்க வைத்து, சுருக்கங்களையும் துடைத்துச் சட்டமிட்டுத் தந்துவிட்டார். "அம்மா எவ்வளவு லட்சணமா இருக்காங்க!" என்று என் அத்தை கண்கலங்கினாள். அப்பாவோ மாலையைக் கையில் பிடித்தபடியே நின்று, "இது யாருடா?" என்று என்னைக் கேட்டார். துக்க வீட்டில் வழக்காட மனம் வரவில்லை. அன்று மாலை அதற்கே விழுந்தது.

பதினாறாம் நாளுக்குள் நானே பழைய கோப்பிலிருந்து மறுபடி அச்சிட்டேன். சிவந்த படத்தை அத்தை தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள். கறுத்த படம் தெம்பனிஸில் எங்கள் கூடத்தில், அதே வெள்ளைச் சுவரில் தொங்குகிறது. அடுத்த ஆண்டு நினைவு நாளுக்கு அத்தை வந்திருந்தாள். பூ வைக்கப் போனவள் படத்தை உற்றுப் பார்த்து, "கண்ணாடியைத் துடைக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டு, அப்பாயியின் கன்னத்து மினுமினுப்பை முந்தானையால் தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்தாள், மறுபடியும் தேய்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, அங்கேயே நின்றாள்.