ஈர்க்குச்சி முனையில் ஒரு நட்டு

நான் போனது மரத்தைப் பார்க்க. பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துப் படகின் ஓட்டையை அடைக்கும் கலப்பத்து வேலை பற்றி எழுதலாம் என்று நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைக்குப் போயிருந்தேன். மே மாத நடுப்பகுதி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன் இது 45 நாளாக இருந்தது. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வந்த தடை, படகுகளுக்கு ஆஸ்பத்திரிக் காலமாகிவிட்டது. கடுவையாற்றங்கரை முழுக்க ஒரே சுத்தியல் சத்தம், பெயின்ட் வாசனை, வெல்டிங் பொறி.

கலப்பத்து ஆள் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்த நேரத்தில் பக்கத்துப் படகின் இன்ஜின் ரூமுக்குள் எட்டிப் பார்த்தேன். அன்றைய பகல் அங்கேயே போய்விட்டது.

குனிந்துதான் இறங்க வேண்டும். நிமிர்ந்தால் தலை இடிக்கும். நடுவில் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின்; லாரியில் ஓடும் அதே ஜாதி, கடலுக்கேற்ப மாற்றியது. அறுபதைத் தாண்டிய ஒரு மேஸ்திரி, பதினெட்டு பத்தொன்பது வயதில் ஒரு பையன். இன்ஜின் புகையை வெளியேற்றும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். லாரியில் அது வெறும் இரும்புக் குழாய், காற்றுபட்டே சூடு தணியும். நாலு பக்கமும் மரம் அடைத்த அறைக்குள் அப்படி விட்டால் தீப்பிடிக்கலாம். அதனால் படகில் மேனிஃபோல்டைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீர்ச் சுவர் அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே இறங்கிவிடும். அதைப் பார்க்கத்தான் இந்தக் கழற்றல்.

பன்னிரண்டு நட்டுகள். எல்லாம் பித்தளை. இரும்பு நட்டென்றால் உப்புக்காற்றில் துருவேறி ஸ்டட்டோடு ஒட்டிக்கொள்ளும். முறுக்கினால் ஸ்டட் முறியும் என்றார் மேஸ்திரி. பதினொன்று டீசல் ஊற்றிய தகர டப்பாவில் கிடந்தன. மேனிஃபோல்டைத் தூக்கி ஓரமாக வைத்தபோது பையன் கையில் வைத்திருந்த பன்னிரண்டாவது நட்டு, விரலிலிருந்து நழுவியது. டிங் என்று ஒரு சத்தம். அப்புறம் உருளும் ஓசை. அப்புறம் ஒன்றுமில்லை.

“அண்ணே, நட்டு உள்ள வுழுந்துடுச்சு. நாலாவதுல.”

திட்டு விழும் என்று நினைத்தேன். மேஸ்திரி கேட்டது ஒன்றே ஒன்று: “வுழுந்தத பாத்தியா, சத்தம் கேட்டியா?” பார்த்தேன் என்றான் பையன். அவர் எழுந்துபோய் முதலில் செய்த காரியம், பேட்டரி வயரைக் கழற்றியது. தெரியாமல் யாராவது மேலிருந்து ஸ்டார்ட்டரைத் தட்டினால் போச்சு.

டீசல் இன்ஜினில் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு பதினேழில் ஒரு பங்காக நசுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கிறது. அவ்வளவு நசுக்க வேண்டுமானால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கும் சிலிண்டரை மேலே மூடியிருக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இடம் இருக்க முடியும். அந்த இடத்தில் ஆறேழு மில்லிமீட்டர் தடிமன் பித்தளை போய் உட்கார்ந்தால், ஒரு சுற்றிலேயே பிஸ்டன் தலை நொறுங்கும், வால்வு வளையும்.

ஆக இப்போது கேள்வி, நட்டு எங்கே இருக்கிறது? எக்சாஸ்ட் துளை ஹெட்டின் பக்கவாட்டில் தொடங்கி, உள்ளே போய்க் கீழ்நோக்கி வளைந்து, வால்வில் முடிகிறது. வால்வு மூடியிருந்தால் நட்டு அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும். திறந்திருந்தால் சிலிண்டருக்குள் போயிருக்கும். துளையில் டார்ச் அடித்தால் கரிதான் தெரிகிறது.

மேஸ்திரி துளைப் பக்கமே போகவில்லை. டேப்பெட் கவரைக் கழற்றினார். நாலாவது சிலிண்டரின் எக்சாஸ்ட் ராக்கரை, அதாவது அந்த வால்வை அழுத்தித் திறக்கும் கையை, இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டினார். டக் டக் என்று ஆடியது. என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஆடுது சார். வால்வு மூடிக் கெடக்கு.” மூடிய வால்வுக்கும் ராக்கருக்கும் இடையே காகிதத் தடிமனுக்கு ஓர் இடைவெளி விடுவார்கள். அது இருந்தால் ராக்கர் ஆடும். வால்வை அழுத்திக்கொண்டிருந்தால் அசையாது. உள்ளே இருப்பதை வெளியே ஆட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். எனக்கு நாடி பிடிக்கும் வைத்தியர் ஞாபகம் வந்தது. சொன்னேன், அவர் ரசித்ததாகத் தெரியவில்லை.

“ஃப்ளைவீல ஒரு பல்லு கூட திருப்பக் கூடாது,” என்றார் பையனிடம். திருப்பினால் அந்த வால்வு திறந்து நட்டை உள்ளே விழுங்கிவிடும்.

எடுப்பது எப்படி? காந்தம் பித்தளையைச் சீண்டாது. கம்பி முனையில் கிரீஸ் தடவி விட்டுப் பார்த்தார்கள். மூன்று தடவையும் கரிதான் ஒட்டி வந்தது. பையன் தன் போனில் மாட்டும் கேமராவைக் கொண்டுவந்தான், பாம்பு மாதிரி வயர், முனையில் குட்டி விளக்கு. கிழவர் முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்து நான் இரண்டாவது முறையாக ஏமாந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். நட்டு தெரிந்தது. வால்வுத் தண்டில் சாய்ந்து, ஓட்டை நம்மைப் பார்த்தபடி.

பையன் ஒரு ஸ்டீல் கம்பியைக் கொக்கியாக வளைக்கத் தொடங்கினான். மேஸ்திரி தடுத்தார். “கம்பி முறிஞ்சா உள்ள ரெண்டு சாமான் ஆயிடும்.” மேல்தளத்தில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஏழெட்டு ஈர்க்குச்சிகளை உருவினார். முனையைச் சேர்த்து, வலை முடையும் நூலால் இறுக்கிச் சுற்றினார். சுற்றச் சுற்ற நட்டு ஓட்டைக்குள் பிதுங்கி நுழையும் பருமன் வந்தது. அதே அளவு நட்டு ஒன்றை டப்பாவிலிருந்து எடுத்து, மாட்டி முறுக்கிப் பார்த்தார். நூல் மரையில் கடித்துப் பிடித்தது. ஈர்க்கு வளையும், துளையின் திருப்பத்தில் நெளிந்து போகும். ஒருவேளை உடைந்து உள்ளே விழுந்தாலும் “எரிஞ்சி பொகையா போயிடும், அவ்ளோதான்.”

பையன் கேமராவைப் பிடித்தான். மேஸ்திரி குச்சியை விட்டார். முதல் தடவை நட்டு புரண்டு படுத்தது. யாரும் பேசவில்லை. என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இதற்குள் படகு ஓனர் வந்து மேலே நின்று, “என்ன மேஸ்திரி, ஹெட்ட எறக்கணுமா?” என்றார். ஹெட்டை இறக்குவதென்றால் இந்தப் பொந்துக்குள் செயின் பிளாக் கட்டித் தூக்கி, புது கேஸ்கட் வாங்கி, போல்ட்டுகளை வரிசைக்கிரமமாக முறுக்கி… அவர் கேள்வியில் இருந்த பயம் நியாயமானதே. “இருப்பா,” என்றார் மேஸ்திரி, திரும்பாமல்.

நாலாவது முயற்சியில் முனை ஓட்டைக்குள் போனது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே குச்சியை உருட்டி உருட்டி முறுக்கினார். பிறகு இழுத்தார். அவசரமே இல்லாமல், குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல. கரி பூசிய நட்டு வெளியே வந்தது.

டீ குடிக்கும்போதுதான் கேட்டேன், ஏன் திட்டவில்லை என்று. பல வருஷத்துக்கு முன் வேறொரு படகில் ஒருத்தன் வாசரை உள்ளே விட்டுவிட்டு, அடிக்குப் பயந்து வாயே திறக்கவில்லையாம். சோதனை ஓட்டத்தின் முதல் முடுக்கிலேயே ஐந்தாவது பிஸ்டன் போனது. “கரையிலேயே போச்சு, புண்ணியம். நடுக்கடல்ல போயிருந்தா?” அடித்திருக்க வேண்டியது அவனையா, அவனை அப்படிப் பயமுறுத்தி வைத்திருந்தவரையா என்று இன்றுவரை தனக்குத் தீரவில்லை என்றார். அந்தப் படகின் மேஸ்திரி யார் என்று நான் கேட்கவில்லை. அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக இன்னொன்றும் சொன்னார். நட்டு புஷ் ராடு ஓட்டை வழியாக அடியில் ஆயில் சேம்பருக்குப் போயிருந்தால் கதை வேறு. லாரியில் அடியில் படுத்துச் சேம்பரைக் கழற்றிவிடலாம். “இங்க அடியில எங்க சார் படுக்கறது? கீழ ஏரா மரம்தான்.” ஏரா என்றால் படகின் அடிமரம். ஆயிலை மாற்றுவதற்கே மேலிருந்து கைப்பம்பு விட்டுத்தான் உறிஞ்சுகிறார்கள். இன்ஜினையே தூக்கியாக வேண்டும்.

திரும்பவும் இறங்கினோம். பையன் டப்பாவைக் கவிழ்த்துப் பழைய துணியில் நட்டுகளைப் பரப்பி எண்ணினான். பன்னிரண்டு. மேஸ்திரி ஒருமுறை எண்ணினார். பிறகு ஃப்ளைவீலைக் கம்பியால் நெம்பி, கையாலேயே இரண்டு முழுச் சுற்று மெல்லச் சுற்றவைத்தார். இரண்டு சுற்று வந்தால்தான் எல்லா வால்வும் ஒருமுறை திறந்து மூடும். எங்கும் முட்டவில்லை. அப்புறம் ஆறு துளைகளிலும் துணி அடைத்தார்கள், ஒவ்வொன்றின் வாலும் ஒரு சாண் வெளியே தொங்கும்படி.

“ஏன் இவ்வளவு நீளம்?” என்றேன்.

“துணியும் உள்ள போற சாமான்தான சார்,” என்றான் பையன், வால்களை எண்ணிக்கொண்டே.