அக்காவுக்குக் காட்டிய புதுவை

எங்கள் ஊருக்கு வருகிறவர்களில் பலர், கடற்கரையையும் அதை ஒட்டிய மஞ்சள் வண்ணப் பிரெஞ்சு வீடுகளையும் பார்த்துவிட்டு, புதுவை முழுவதையும் பார்த்துவிட்டதாக எண்ணித் திரும்பிவிடுகின்றனர். ஊரின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வருவோர் சிலரே.

சென்ற கோடை விடுமுறையில், கோவையில் வளர்ந்த என் பெரியப்பா மகள் எங்களிடம் விடைபெற வந்தார். மேற்படிப்புக்காக அவர் பிரான்சு செல்லவிருந்தார். எங்களுக்குக் கிடைத்தது ஒரே நாள். “பிரான்சை அவள் அங்கேயே பார்த்துக்கொள்வாள். நீ அவளுக்கு நம் ஊரைக் காட்டு” என்றார் அப்பா. ஆயாவும் எங்களோடு கிளம்பிவிட்டார். பேத்தியை இனி எப்போது காண்போமோ என்ற கவலை அவருக்கு.

காலை ஆறு மணிக்கே கடற்கரைச் சாலையை அடைந்தோம். அந்நேரத்தில் அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் ஆயா அச்சமின்றி நடந்தார். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல் தூண்களின் நடுவே காந்தியடிகள் நிற்கும் காட்சிதான் எத்தனை கம்பீரம்! அந்தச் சாலையிலேயே, முதல் உலகப் போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னமும் உள்ளது. “இவங்கெல்லாம் கப்பலேறிப் போனவங்க, திரும்பி வரலே” என்று சொல்லி ஆயா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். “நான் படிக்கத்தானே போறேன் ஆயா, முடிச்சதும் வந்துடுவேன்” என்று அக்கா அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

பாரதி பூங்காவின் ஆயி மண்டபத்தருகே சற்று இளைப்பாறினோம். ஆயி என்ற நடனமாது தன் மாளிகையை இடித்து, அவ்விடத்தில் ஊராருக்காகக் குளம் வெட்டினாளாம். பிற்காலத்தில் முத்திரையர்பாளையத்து நீர் நகருக்கு வந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக எழுந்ததே இம்மண்டபம் என்பர்.

பிறகு வாய்க்காலைத் தாண்டினோம். நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் தோசையும் காபியும் உண்டோம். அடுத்து மிஷன் வீதியிலுள்ள அமலோற்பவ அன்னை பேராலயம். எங்கள் ஊரார் அதைச் சம்பா கோவில் என்றே அழைப்பர். 1761-இல் ஆங்கிலேயர் இடித்தபின் மீண்டும் எழுப்பப்பட்டு, 1791-இல் நிறைவுற்ற ஆலயம் அது. அங்கே ஆயா நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தார். யாருக்காக என்று நாங்கள் கேட்கவில்லை.

ஈசுவரன் தருமராசா கோவில் வீதியில் பாரதியார் வாழ்ந்த இல்லத்தையும் கண்டோம். 1908-இல் புதுவைக்கு வந்த அவர், பத்தாண்டுகள் இங்கே தங்கி, ‘பாஞ்சாலி சபதம்’, ‘குயில் பாட்டு’ முதலியவற்றைப் படைத்தார். பிறந்த ஊரை விட்டு வந்தவருக்கும் தமிழ் துணை நின்றதே என்று அக்கா வியந்தார்.

பெரிய மார்க்கெட்டில் ஆயாவே பேரம் பேசி வஞ்சிரம் வாங்கினார். மதிய உணவு வீட்டில்தான். எந்த ஓட்டலிலும் கிடைக்காத மீன் குழம்பு அது! மாலையில் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் வெயில் இறங்கும் அழகைக் கண்டு, வழியில் நீள ரொட்டி வாங்கித் திரும்பினோம்.

அக்கா இப்போது பிரான்சில் படிக்கிறார். ஞாயிறுதோறும் ஆயாவுடன் தொலைபேசியில் பேசுவார். “இங்கே ரொட்டிக்குக் குறைவில்லை ஆயா, தொட்டுக்கொள்ள உன் குழம்புதான் இல்லை” என்பார். ஆயாவின் முகம் மலர்ந்துவிடும்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுக்கும் உறவினர் வருவர். அவர்களைக் கடற்கரையோடு அனுப்பிவிடாதீர்கள். வாய்க்காலுக்கு மேற்கேயும் அழைத்து வாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் உடன் கூட்டிச் செல்லுங்கள். எவ்வளவு தூரம் சென்றாலும் நம்மைத் திரும்பி வரச் சொல்லும் புதுவை அங்கேதான் இருக்கிறது.