இன்னைக்கு என்ன வந்துச்சு?



மூன்று நாளாகச் சாயங்காலம் ஆனால் கோடை மழை பிடித்துக்கொள்கிறது. கரண்ட் இப்போதுதான் வந்தது. இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். "சார், குடும்பத்தோட மாமல்லபுரம் போயிருந்தோம். கடலுக்கு எதிர்லயே கடை. வஞ்சரம் இல்லைன்னுட்டாங்க. கடலை எதிர்ல வச்சுக்கிட்டு மீன் இல்லைங்கிறாங்க, என்ன கொடுமை!" எல்லோரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். தம்பி, உன் பெயரைச் சொல்லப் போவதில்லை, பயப்படாதே. ஆனால் உன் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாது. அதனால்தான் இந்தப் பதிவு.

இது மே மாதம். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் அரசு போட்ட தடை. 2001இல் தொடங்கியபோது 45 நாளாக இருந்தது. 2017இலிருந்து 61 நாள். கன்னியாகுமரியின் மேற்குக் கரைக்குத் தனிக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த நாட்களில் நாட்டுப் படகுகளும் ஃபைபர் படகுகளும் மட்டும் கரையை ஒட்டிப் போய் வருகின்றன. பெரிய மீனின் வரத்து குறைகிறது, விலை ஏறுகிறது. வஞ்சரம் இல்லை என்று சொன்ன கடைக்காரர் உன்னிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். ஐஸில் பல நாள் கிடந்த துண்டைப் பொரித்து உன் தட்டில் வைத்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது.

டிசம்பரில் ஏற்காடு வரும் ஒருவர், நம் சாலையோரக் கடையில் நின்று "மலையில பலாப்பழம் இல்லையா?" என்று சண்டை போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? காபிக்கு ஒரு பருவம், மிளகுக்கு ஒரு பருவம் என்று தெரிந்தவர்கள் நாம். கடலுக்கும் அப்படித்தான்.

நான் ரிடயர் ஆன பிறகு, ஒரு பிப்ரவரி மாதம், நானும் வீட்டம்மாவும் சேலத்தில் பஸ் ஏறி, உளுந்தூர்பேட்டை, திண்டிவனம் வழியாக மாமல்லபுரம் போனோம். மீனவர் குடியிருப்புப் பக்கம் ஒரு சின்னக் கடை. கீற்றுக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலி, காலுக்கடியில் மணல். வாசலில் ஒரு தட்டில் அன்றைக்கு வந்த மீனை அடுக்கி வைத்திருந்தார்கள். விலைப்பட்டியல் கிடையாது. மீனைக் காட்டினால் எடை போட்டு, சமைத்துத் தர இவ்வளவு என்று சொல்வார்கள்.

எங்கள் வீட்டம்மாவுக்கு முள் என்றால் பயம். "ஏங்க, இதுல எதுல முள்ளு கம்மி?" என்று என் காதில் கேட்டார். கடைக்கார அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

"எல்லாரும் வஞ்சரம்தாம்மா கேப்பாங்க. இன்னைக்கு கிழங்கா நல்லா வந்திருக்குது. காலைல எங்க ஊட்டுக்காரரு வலையில எடுத்தது. அதச் சாப்பிடுங்க. வெலையும் கம்மி."

விலை கம்மியான மீனைச் சாப்பிடச் சொல்லும் கடையை நான் அதிகம் பார்த்ததில்லை. கிழங்கா மீன் விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரியது, வெள்ளைச் சதை. மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் இஞ்சி பூண்டு, அவ்வளவுதான் மசாலா. தோசைக்கல்லில் போட்டு இரண்டு பக்கமும் திருப்பி எடுத்தார். நடுமுள்ளைத் தூக்கினால் முழுசாக வந்துவிட்டது. "நல்ல மீனுக்கு மசாலா எதுக்கும்மா? நாத்தத்த மறைக்கத்தான் அள்ளிப் போடணும்" என்றார் அந்த அம்மா. சோற்றுக்கு ஊற்றியது முந்தின நாள் வைத்த குழம்பு. புளி ஊறி, மறுநாள்தான் மீன்குழம்பு ருசி என்பது கடற்கரைக்கும் நம் மலைக்கும் பொதுவான சட்டம்.

எங்கள் வீட்டம்மா நான்கு மீன் சாப்பிட்டார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவார்.

அந்த ஊருக்கு நான் முதலில் போனது அதற்கு முன்பே, பள்ளிச் சுற்றுலாவில். 1997ஆம் வருடம். உங்களில் சிலர் அந்த பஸ்ஸில் இருந்தீர்கள். அருச்சுனன் தபசு, ஐந்து ரதம் எல்லாம் பார்த்து, கடற்கரைக் கோயிலுக்கு வந்தபோது உங்களில் பாதிப் பேர் கோயிலைப் பார்க்கவே இல்லை. கடலைத்தான் பார்த்தீர்கள். பள்ளிக்கூடத்துப் பணத்தில் ஆளுக்கு ஒரு துண்டு வறுத்த மீன் வாங்கிக் கொடுத்தோம். மணலில் அடுப்பு வைத்து ஓர் அம்மா பொரித்துக் கொடுத்தார்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் துண்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைச் செய்தித்தாளில் மடித்தான். "எதுக்குப்பா மடிக்கிற?" என்று அந்த அம்மா கேட்டார். "எங்க அம்மாவுக்கு. அவங்க கடல் மீனு தின்னதே இல்ல" என்றான். எந்த ஊர் என்று கேட்டார். ஏற்காடு மலை என்றதும், "அம்மாந்தூரம் தாங்காதுப்பா, கெட்டுப்போயிடும். நீயே தின்னு" என்றார். பிறகு கூடைக்குள் கையை விட்டு இரண்டு கை நெத்திலிக் கருவாட்டை அள்ளி, பொட்டலம் கட்டி அவன் பையில் வைத்தார். "இது தாங்கும். அம்மாவுக்குக் குடு." நான் காசு எடுத்தேன். வாங்கவில்லை.

குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று வகுப்பில் கேட்பேன், நினைவிருக்கிறதா? சங்க காலத்தில் உமணர் உப்பு வண்டி கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்த தூரம் அது. கடல் மலைக்கு ஏறி வருவது உப்பாகவும் கருவாடாகவும்தான். அன்றைக்கு அந்த பஸ் முழுக்கக் கருவாட்டு வாசனை. டிரைவர் சேலம் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமிச் செய்தியை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை அந்தப் பையனின் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "சார், அந்தக் கருவாடு குடுத்த அம்மா நல்லா இருக்காங்களா? டிவியில அந்த ஊரு பேரு சொல்றாங்களே" என்று கேட்டார்.

அந்த அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. விசாரிக்கிறேன் என்றேன்.

2006இல் போனபோது விசாரித்தேன். கடல் உள்ளே வந்து போனபோது கரையோர மணல் அரித்து, அதுவரை மூடிக் கிடந்த பழைய சிற்பங்கள் வெளியே தெரிந்தன என்று ஊரெல்லாம் பேச்சு. கட்டுமரம் இருந்த இடங்களில் ஃபைபர் படகுகள் வரிசையாக நின்றன. "பத்து வருசம் முன்னாடி கோயில் பக்கத்துல மீன் வறுத்த அம்மா" என்று கேட்டால் யார் என்று சொல்வார்கள்? அப்படி நிறையப் பேர் இருந்தார்கள் சார் என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர். ஊருக்குத் திரும்பி அந்தத் தாயிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "நல்லாத்தான் இருப்பாங்க" என்றார். கடலை ஒருநாளும் பார்க்காமலே அந்தத் தாயும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதனால்தான் கடற்கரைக் கடையில் சாப்பிட உட்கார்ந்தால் எனக்குச் சில பழக்கங்கள். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், "வஞ்சரம் இருக்கா, இறால் இருக்கா" என்று ஆரம்பிக்காதீர்கள். "இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்று கேளுங்கள். சங்கரா, நெத்திலி, மத்தி, கிழங்கா, கடம்பா என்று எது வந்ததோ அதுதான் அன்றைக்கு நல்ல மீன். முழு மீனாக இருந்தால் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லலாம். சிவப்பாக இருக்க வேண்டும். கண் தெளிவாக இருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் சதை திரும்ப எழ வேண்டும். பார்க்கக் கேட்டால் நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

இரண்டாவது, சமைப்பதற்கு முன்பே எடையையும் விலையையும் கேட்டுவிடுங்கள். சாப்பிட்ட பிறகு சண்டை வேண்டாம். கேட்ட விலை கட்டாவிட்டால் சின்ன மீனாக எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் இருப்பதை அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். நம் மிளகை வியாபாரி அப்படிக் கேட்கும்போது நம் வயிறு எரியும் அல்லவா?

மூன்றாவது, தடைக்காலத்தில் போனால் பெரிய மீன் கேட்டுப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். அப்போது அவர்கள் வீட்டிலும் வருமானம் குறைவு. கருவாடு கிடைத்தால் வாங்கிக்கொண்டு வாருங்கள். மலை ஏறினாலும் தாங்கும்.

தம்பி, ஜூன் 14 தாண்டட்டும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போ. என்ன வந்தது என்று கேட்டுச் சாப்பிட்டுவிட்டு, எந்த மீன், எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.

மற்றவர்களும் நீங்கள் முதன்முதலில் கடல் மீன் சாப்பிட்டது எங்கே, யார் கையால் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப் பிழை இருந்தால் வழக்கம்போல் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா