பழைய டிரைவர் போதுமா?

உங்கள் வீட்டு வெட் கிரைண்டருக்கு என்ன வயசு? பத்தா, பன்னிரண்டா? இன்னும் நன்றாகத்தானே அரைக்கிறது? கடைக்காரர் இந்த வருஷத்து மாடலைக் காட்டி, "இதிலே அரைத்தால் இட்லி மல்லிகைப் பூ மாதிரி வரும், அம்மா!" என்று சொன்னால், நாம் ஒரு புன்னகையோடு படியிறங்கி வந்துவிடுவோம். அதற்காக, "பழசுதான் உசத்தி" என்று பாட்டி காலத்து ஆட்டுக்கல்லை முற்றத்தில் இறக்கி, நேற்றுக் கல்யாணமாகி வந்த பெண்ணை அதன் முன்னால் உட்கார வைப்போமா? பாட்டிக்கு வெண்ணெயாக அரைத்துக் கொடுத்த கல், புதுப் பெண்ணுக்குக் கையில் கொப்புளத்தைத்தான் கொடுக்கும்.

ஆகப் பழசிலும் இரண்டு தினுசு உண்டு. இதே கணக்கு கோல்ஃப் ஆட்டத்திலும் இருக்கிறது என்றுதான் சொல்ல வந்தேன்.

"கோல்ஃபா? அது நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. இதில் ஒரு தாயாரின் கழுத்துச் சங்கிலி சம்பந்தப்பட்டிருக்கிறது.

எங்கள் ஊர் காஞ்சீபுரம். என் தம்பி பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் பட்டு நெய்கிறவன். அவன் பிள்ளை என்ஜினீயரிங் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலையாயிருக்கிறான். ராமாநுஜர் அவதரித்த அந்த ஊரைச் சுற்றி இப்போது ஒரே தொழிற்சாலைகள். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வெளிவர ஆரம்பித்ததிலிருந்து கொரியாக்காரர்கள் நிறையப் பேர் இந்தப் பக்கம் குடிவந்தார்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோல்ஃப். நம் தேசத்துக்கு அது புதிதல்ல. கல்கத்தாவில் 1829-லேயே கோல்ஃப் கிளப் ஏற்பட்டுவிட்டது. கொடைக்கானலில் 1895-ல். ஆனால் அவையெல்லாம் துரைமார்களின் சமாசாரம். நெசவாளி வீட்டுப் பிள்ளையை மேலதிகாரி, "நீயும் வாயேன்" என்று கூப்பிடுவது இந்தக் காலத்து அதிசயம்.

பையனும் போனான், ஆசை பிடித்துக்கொண்டது. மட்டைகளை இரவல் வாங்கி நாலு மாசம் ஆடினான். பிறகு ஒரு நாள் அம்மாவிடம், "டிரைவர் ஒன்று வாங்க வேண்டும். ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகும்" என்றான். என் தம்பி மனைவி திகைத்துப் போய் என்னிடம் ஓடி வந்தாள்.

"நம்மிடம் காரே இல்லையே, அண்ணி! டிரைவர் எதற்கு?"

டிரைவர் என்பது மட்டையின் பெயர். ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை கொண்டு போகலாம்; அவற்றில் நீளமானது, தலை பெரியது, முதல் அடியில் பந்தை வெகுதூரம் விரட்டுவது டிரைவர். இதைச் சொன்னதும் அவள் மனசு நிம்மதியாகவில்லை. "ஒரு குச்சிக்கா ஐம்பதாயிரம்?" என்றாள். ஆனாலும் பிள்ளை பெரிய மனிதர்கள் நடுவே தலை குனியக் கூடாது என்று, இரண்டு சவரன் சங்கிலியை அடகு வைக்கவும் தயாராகிவிட்டாள். வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள். ஜரிகை விற்கிற விலையில், என் தம்பி எத்தனை கோர்வைப் புடவை நெய்து அந்தச் சங்கிலியை மீட்பான்?

நான் ரிட்டயரான கணக்கு வாத்தியாரம்மா. பையனைக் கூப்பிட்டு விசாரித்தேன். ஆபீசில் ஒரு சீனியர், தாம் 2012-ல் வாங்கிய டிரைவரை ஐயாயிரத்துக்குத் தருவதாகச் சொல்கிறாராம். இன்னொரு நண்பரின் தகப்பனார் நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். அவருடைய மரத்தலை டிரைவர் பரணில் இருக்கிறது. "ஆடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடு" என்றாராம். "ஆனால் பழசைத் தூக்கிக்கொண்டு போனால் சிரிப்பார்களே, அத்தை!"

"சிரிக்கிறவர்கள் பந்தை எங்கே அடிக்கிறார்கள் என்று முதலில் பார். இரண்டையும் கொண்டு வா" என்றேன்.

கொண்டு வந்தான். மரத்தலை டிரைவர் பார்ப்பதற்கு நகை மாதிரி இருந்தது. பெர்சிமன் என்ற அமெரிக்க மரம். நம் பீடி இலை மரத்துக்குப் பங்காளி. தலையும் கோலும் சேர்கிற கழுத்தில் கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றியிருந்தார்கள். என் தம்பி தறியை விட்டு எழுந்து வந்து, வேறெதையும் பார்க்காமல் அந்த நூலையே தடவினான். "முடிச்சு எங்கே போச்சுன்னே தெரியலை, அக்கா. செய்தவன் கைகாரன்" என்றான்.

கைகாரன் செய்ததுதான், கைகாரனுக்கே உரியதும்கூட. அந்த மரத்தலைகளின் அளவு சுமார் 150 முதல் 200 கன சென்டிமீட்டர். அதாவது ஒரு டம்ளர் காப்பி. இப்போதைய டிரைவர் 460; அரை லிட்டர் பால் பாக்கெட்டுக்குச் சற்றுக் குறைவு. எடை மட்டும் ஏறக்குறைய அதே 200 கிராம்தான். உள்ளே வெற்றிடம், சுற்றிலும் மெல்லிய டைட்டேனியம் தகடு. பெரிசானால் என்ன லாபம்? கழைக்கூத்தாடியைப் பார்த்திருப்பீர்கள். கையில் நீளக் கழி இருக்கிற வரையில் சட்டென்று சாயமாட்டான். எடை தள்ளித் தள்ளி இருப்பதனால் திரும்புவதற்கு நேரம் பிடிக்கிறது. பெரிய தலை மட்டையும் அப்படியே. பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை அவ்வளவாகத் திருகிக்கொள்ளாது. பந்தும் ரொம்ப தூரம் வழி தவறாது. கற்றுக்குட்டி பத்து அடியில் எத்தனையை நடுவில் அடிக்கப்போகிறான்? அவனுக்குத் தேவை மன்னிக்கிற மட்டை. சின்ன மரத்தலைக்கு மன்னிப்பு என்பதே தெரியாது. ஜெர்மனிக்காரர் பெர்ன்ஹார்டு லாங்கர் 1993-ல் மாஸ்டர்ஸ் பந்தயத்தை மரத்தலை டிரைவரோடு ஜெயித்தார் என்றால், அவர் லாங்கர்!

என் தம்பிக்கு இது உடனே விளங்கிவிட்டது. அவனை ஒன்பது வயசில் தறியில் உட்கார வைத்தபோது, நேரே கோர்வை நெய்யவா விட்டார்கள்? பக்கத்தில் இருந்து கரை நாடாவை எடுத்துப் போடுகிற வேலைதான் பல வருஷம்.

சரி, மரத்தலை வேண்டாம். 2012-ம் வருஷத்து மட்டை? இங்கேதான் கடைக்காரர்கள் பேசாமல் விட்டுவிடுகிற ஒரு சங்கதி இருக்கிறது. 1979-ல் டெய்லர்மேட் கம்பெனி எஃகுத் தலை டிரைவரைக் கொண்டுவந்தது. 1991-ல் காலவே கம்பெனி, ஒரு ஜெர்மன் பீரங்கியின் பெயரை இரவல் வாங்கி, "பிக் பெர்த்தா" என்று பெரிசாக ஒன்றைச் செய்தது. டைட்டேனியம் வந்த பிறகு தலை வருஷா வருஷம் பூசணிக்காய் மாதிரி ஊதிக்கொண்டே போயிற்று. ஆட்டத்தின் விதிகளை வகுக்கிறவர்கள் விழித்துக்கொண்டார்கள். மட்டை முகம் கயிற்றுக் கட்டில்போல அமுங்கி எழுந்து பந்தைத் தள்ளுவதற்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1998-ல் எல்லை கட்டியது. 2004-ல் தலையின் அளவு 460-க்கு மேல் போகக் கூடாது என்று விதி வந்தது. ஆக, சுமார் இருபது வருஷமாகக் கம்பெனிகள் ஒரே சுவருக்குள் நின்றுதான் ஓடுகின்றன. முன்னேற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன். எடையை இன்னும் பின்னால் தள்ளி, மன்னிக்கிற குணத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். கோணத்தைத் திருகி மாற்றுகிற வசதியும் உண்டு. ஆனால் அதெல்லாம் கிரைண்டருக்கும் கிரைண்டருக்கும் உள்ள வித்தியாசம். ஆட்டுக்கல்லுக்கும் கிரைண்டருக்கும் உள்ளதல்ல.

நான் சொன்னதை நம்பாமல், பையன் சென்னைக்குப் போய்ப் பயிற்சித் திடலில் மூன்றையும் அடித்துப் பார்த்தான். புதிய மட்டையை ஒரு நண்பர் கொடுத்து உதவினார். மரத்தலையில் அடித்த பந்துகள் பெரும்பாலும் தரையோடு ஊர்ந்தன. ஒன்றே ஒன்று நடுவில் பட்டுக் கிளம்பிற்றாம். "அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும், அத்தை!" என்று இன்றைக்கும் சொல்கிறான். மற்ற இரண்டிலும் சில நேரே போயின, பல வலது பக்கம் வளைந்து போயின. எதில் அடித்தது எது என்று பந்தைப் பார்த்துச் சொல்ல அவனால் முடியவில்லை. வலது பக்கம் வளைவது மட்டையின் குற்றமில்லை, கையின் குற்றம் என்று அங்கே இருந்த பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

பழசை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. முகத்தகட்டில் விரிசல் இருக்கக் கூடாது. கைப்பிடி ரப்பர் தேய்ந்திருந்தால் கவலையில்லை, மாற்றிக்கொள்ளலாம். கோல்தான் முக்கியம். முந்திய சொந்தக்காரர் பலசாலியாய் இருந்து விறைப்பான கோல் போட்டிருந்தால், மெதுவாக வீசுகிறவனுக்கு அது ஒத்துவராது. முகத்தின் சாய்வு பத்தரை டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் புதியவனுக்குப் பந்து சுலபமாக மேலே எழும்பும். பிரபலமான கம்பெனிகளின் பெயரில் போலி மட்டைகளும் உலாவுவதால், தெரிந்த மனிதரிடம் வாங்குவது உத்தமம். சீனியருடைய மட்டை இந்தச் சோதனைகளில் எல்லாம் தேறிற்று. ஐயாயிரத்துக்கு அதையே வாங்கினான். அவன் சம்பளத்திலிருந்து கொஞ்சம் எடுத்துப் பத்துப் பாடத்துக்குப் பயிற்சியாளரிடம் கட்டியிருக்கிறான். சங்கிலி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.

ஆட்டத்துக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, மட்டையைப் பார்த்து யாராவது சிரித்தார்களா என்று கேட்டேன். "கொரியா அதிகாரியின் டிரைவர் இதைவிட இரண்டு வருஷம் பழசு, அத்தை" என்றான்.

மரத்தலை டிரைவரைத்தான் உடனே திருப்பிக் கொடுக்க முடியவில்லை. திடலில் அடித்ததில் கழுத்து நூல் ஒரு பக்கம் நெகிழ்ந்துவிட்டது. என் தம்பி அதை மடியில் போட்டுக்கொண்டு, மெழுகு தடவிய கறுப்புப் பட்டு நூலால் ஒரு சாயங்காலம் முழுவதும் சுற்றினான். முடிச்சு எங்கே என்று நானும் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.