கரிசலை இளக்கிய புறவாசல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் நடுவே இருக்கிறது நந்தவனம். துளசிச் செடியடியில் பெரியாழ்வார் ஆண்டாளைக் கண்டெடுத்ததாகச் சொல்லும் இடம். ஆடிப்பூரத் தேர் முடிந்து கூட்டம் வடிந்த ஒரு காலையில் அங்கே போனேன். கும்பிட்டு முடித்த பிறகும் மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மழை குறைந்த இந்தச் சீமையில் அன்றாடம் மாலைக்குப் பூ வேண்டும் என்றால் எத்தனை கைகள் உழைத்திருக்க வேண்டும்! ஆண்டாளின் இடக்கைக் கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். உடம்புக்கு மரவள்ளி இலை, அலகுக்கு மாதுளம்பூ. எங்காவது ஒரு மாதுளை என்றும் பூத்திருந்தாக வேண்டும். பெரியாழ்வாரைப் பாடியவராகவே நினைக்கிறோம். அவர் நந்தவனம் வைத்தவர், மண்ணைக் கொத்தித் தண்ணீர் ஊற்றியவர் என்பது எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுகிறது.

அந்த நினைப்போடு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். பன்னிரண்டு கிலோமீட்டர் போல இருக்கும். வழி நெடுக மேற்கே மலை கூடவே வருகிறது. தென்மேற்குப் பருவத்தில் மழையைப் பெரும்பாலும் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காற்றை அனுப்புகிற மலை. நமக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான்.

நான் பார்க்கப் போனது பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அக்காவின் புறவாசலை. பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது காரை, ஓட்டுச்சில்லு, செங்கல் துண்டு எல்லாவற்றையும் பின்னால்தான் தள்ளியிருக்கிறார்கள். அதன்மேல் சீமைக்கருவேலம் முளைத்தது. அடியில் அசல் கரிசல். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் மிதித்த செருப்பு திரும்பி வராது. போர்த் தண்ணீரோ உப்பு.

“இதுல என்னத்த விளையும்னு எல்லாரும் சிரிச்சாக தம்பி. நான் மொத வருசம் ஒண்ணுமே நடலை. கல்லைப் பொறுக்குனேன். மழைத்தண்ணி எங்கன நிக்குது, எங்கன ஓடுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றார்.

அந்த ஒரு வருடம்தான் இந்தத் தோட்டத்தின் அஸ்திவாரம் என்று நான் நினைக்கிறேன். நர்சரியில் இருந்து ஆட்டோ நிறையச் செடி வாங்கி வந்து ஒரே நாளில் நட்டு, அடுத்த கோடையில் மொத்தத்தையும் பிடுங்கிப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஆசைக்குக் குறைவில்லை. மண்ணைத்தான் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கரிசல் இறுக்கமாக இருந்தால் இரண்டு வண்டி மணல் அடிப்பது பலருடைய பழக்கம். இவர் அடிக்கவில்லை. களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்ந்தால் காய்ந்ததும் முன்னைவிடக் கெட்டியாகும். மணலால் பலன் வேண்டுமென்றால் மண்ணில் பாதிக்கு மேல் மணலாக வேண்டும், அது வீட்டுக்காரர்களால் ஆகிற காரியமில்லை. களியை இளக்குவது மட்கு. மட்கும், அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்களும் மண்புழுவும் சேர்ந்து களித்துகளைச் சின்னச் சின்னப் பருக்கைகளாக்கும். பருக்கைகளின் இடுக்கில்தான் காற்றும் தண்ணீரும் இறங்கும்.

அதனால் அடுத்த மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்தார். உவர் தாங்கும் செடி, வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும். பூவெடுக்கும் சமயத்தில் அப்படியே மடக்கி மண்ணுக்குள் புதைத்தார். அதற்கடுத்த மழைக்குச் சணப்பை. சாணம் கிடைப்பதில் கஷ்டமே இல்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவின் ஊர் பக்கத்தில் இருக்கிறது, சுற்றுவட்டாரம் முழுக்கக் கறவை மாடு. அதோடு பஞ்சாலைக் கழிவுத் தூசியும் மூட்டை மூட்டையாக வந்தது. சாணமும் கழிவும் அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து, மாதக்கணக்கில் மட்க விட்டிருக்கிறார்.

“தண்ணி தெளிக்காம அந்தத் தூசியத் தொட மாட்டேன். மில்லுல அது நெஞ்சுக்குள்ள போயி எத்தன பேரு இருமிக்கிட்டுக் கெடந்தாகன்னு எனக்குத் தெரியும்.”

இதைச் சொன்னபோது அவர் குரல் மாறிவிட்டது. ஆலை ஓடிய ஊர்கள் எல்லாவற்றிலும் இந்த இருமல் இருந்திருக்கிறது. அந்தத் தூசியையே மட்கவைத்துக் கத்தரிக்கு உரமாக்கியிருக்கிறார். நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

தண்ணீர் விஷயத்திலும் கணக்காக இருக்கிறார். மாடி மழைத்தண்ணீர் குழாய் வழியாக ஒரு குழிக்குள் இறங்குகிறது. குழியை நிரப்பியிருப்பது அன்று பொறுக்கிய ஓட்டுச்சில்லும் செங்கல் துண்டும்தான். குளித்த தண்ணீர் கல்வாழைப் பாத்தி வழியாக வாழைக்குப் போகிறது. துணி துவைத்த தண்ணீரைத் தோட்டத்துக்குள் விடுவதில்லை. சலவைத்தூளின் சோடியம் கரிசலை மறுபடி இறுக்கிவிடும்.

மேற்கு ஓரம் முழுக்க அகத்தி. ஆடிக்காற்றின் வேகத்தை அதுதான் தாங்குகிறது. முதலில் அங்கே முருங்கைதான் வைத்தாராம், ஒரே காற்றில் முறிந்து விழுந்துவிட்டது. இப்போது முருங்கை சுவரின் மறைவில் நிற்கிறது. நடுவில் கத்தரி, கறிவேப்பிலை, வேலியோரம் நந்தியாவட்டை, செவ்வரளி, ஒரு மாதுளை. தரையில் வெறும் மண்ணையே பார்க்க முடியவில்லை, எங்கும் சருகு மூடாக்கு. அதை விலக்கிக் கையை வைத்தேன். உச்சிப்பொழுதிலும் மண் குளிர்ந்திருந்தது, கிள்ளினால் உதிர்ந்தது. வெளியே தெருவில் சிமென்ட் தளம் கொதித்துக்கொண்டிருந்தது. இந்த இரண்டு ஊர்களிலும் எத்தனையோ புறவாசல்கள் இன்று சிமென்ட் தளமாகிவிட்டன. பெருக்குவதற்குச் சுலபம் என்கிறார்கள். அதற்காக மண்ணையே மூடிவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

மா இல்லாமல் ராஜபாளையத்துத் தோட்டமா? சப்பட்டை ஒட்டுக்கன்று ஒன்று தோள் உயரம் வந்திருக்கிறது. பூவெடுத்தபோது கிள்ளி எறிந்துவிட்டாராம். கன்று வயதில் காய்க்க விட்டால் மரம் தேறாது.

வடக்கு மூலை மட்டும் இன்னும் வசப்படவில்லை. அங்கே வைத்த செம்பருத்தியின் இலை நரம்பு பச்சையாகவும் மற்றதெல்லாம் மஞ்சளாகவும் இருக்கிறது. கிளறிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகக் காரை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இரும்புச்சத்து தெளித்தால் இலை கொஞ்ச நாள் பச்சையாகும், பிறகு பழைய கதைதான். மழைக்கு முன்னால் அந்த இடத்தை இரண்டு முழம் தோண்டி, காரையை அள்ளிவிட்டு, கண்மாய் வண்டல் போடப்போகிறார். டிராக்டருக்குச் சொல்லி வைத்தாயிற்று. செம்பருத்தியை அதுவரை தொட்டியில் வைத்துக் காப்பாற்றலாம் என்றேன்.

“வேண்டாம் தம்பி, அங்கயே இருக்கட்டும். மண்ணு சரியாயிருச்சான்னு அதுதான சொல்லணும்” என்றார்.