நெற்றிச் சுருக்கம்

தேக்கா சந்தைக்குப் பக்கத்தில், பஃபலோ ரோட்டில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு பாட்டியை எண்ணிப் பாருங்கள். வயது 68. காலை ஏழு மணிக்கெல்லாம் மல்லிகைச் சரம் தொடுக்க உட்கார்ந்துவிடுவார். கை பூவைத் தொடுக்கும். கண் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். வருவோர் போவோர் எல்லாரிடமும் பேச்சு. உயர்நிலை மூன்றில் படிக்கும் பேரன் வார இறுதியில் வந்து உதவுவான்.

ஒரு சனிக்கிழமை காலை பாட்டி தேநீர் குடிக்கிறார். தேநீர் வாயின் இடது ஓரமாக வழிந்து சேலையில் விழுகிறது. துடைத்துக்கொண்டு மறுபடியும் குடிக்கிறார். மறுபடியும் வழிகிறது. பேரன் நிமிர்ந்து பார்க்கிறான். பாட்டியின் வாய் வலப்பக்கம் கோணியிருக்கிறது. இடது கண் சிமிட்டவே இல்லை.

பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிடுகிறார்கள். "ராத்திரி விசிறிக் காத்து முகத்துல அடிச்சிருக்கும்" என்கிறார் ஒருவர். இன்னொருவர் பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்துப் பாட்டியின் கன்னத்தில் தேய்க்கிறார். "வீட்டுக்குப் போய்ப் படுத்தா சரியாயிடும்" என்பது மூன்றாமவரின் யோசனை. பாட்டிக்கும் அதுவே பிடித்திருக்கிறது. பேரன் மட்டும் கைப்பேசியை எடுத்து 995ஐ அழைக்கிறான்.

அவன் செய்ததுதான் சரி. முகம் திடீரெனக் கோணுவது, ஒரு கை வலுவிழப்பது, பேச்சுக் குழறுவது ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்க மருந்து உண்டு. ஆனால் அதைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். "கொஞ்சம் படுத்து எழுந்து பார்ப்போம்" என்று காத்திருந்தால் அந்த நேரம் தூக்கத்திலேயே கரைந்துபோகும்.

அவசர மருத்துவ வாகனம் அவர்களை டான் டோக் செங் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்கிறது. 1844இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த மருத்துவமனை ஒரு காலத்தில் சிராங்கூன் சாலைப் பக்கம்தான் இருந்தது. 1909இல் மோல்மீன் சாலைக்கு இடம் மாறியது. 1999இல் தொடங்கப்பட்ட தேசிய நரம்பியல் மருத்துவக் கழகமும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. தேக்காவிலிருந்து அதிகத் தூரம் இல்லை.

பாட்டியைப் பார்க்க வருபவர் ஓர் இளம் சீன மருத்துவர். "ஆன்டி, வலி?" என்று கேட்கிறார். அவருக்குத் தெரிந்த தமிழ் அந்த ஒரு சொல்தான். பாட்டிக்குத் தெரிந்த ஆங்கிலமோ பூ விற்கப் போதுமானது மட்டும். ஆகவே, பேரன் மொழிபெயர்ப்பாளன் ஆகிறான்.

முதல் கேள்வி, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பது. முந்தைய இரவு பத்து மணிக்கு எல்லாரும் ஒன்றாக அமர்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பேரன் சொல்கிறான். அதன் பிறகு மருத்துவர் பரிசோதனையைத் தொடங்குகிறார். அவர் கையில் பெரிய கருவி ஒன்றும் இல்லை. ஒரு சிறு விளக்கு, கொஞ்சம் பஞ்சு, ஓர் இசைக்கவை, ஒரு தட்டையான மரக்குச்சி, அவ்வளவுதான். மூளையிலிருந்து நேராகப் புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளை, அதாவது கபால நரம்புகளை, இவற்றைக் கொண்டே அவர் சோதித்துவிடுவார். பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் இந்த நரம்புகளை ஏழு இணை என்று எண்ணினார். பன்னிரண்டு என்று 1778இல் வகைப்படுத்தியவர் ஜெர்மானிய அறிஞர் சோமரிங். மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்த வரிசையில்தான் மனப்பாடம் செய்கிறார்கள்.

வரிசையில் முதலாவது நுகர்ச்சி நரம்பு. அவசரப் பிரிவில் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடுவார்கள். சோதிப்பதென்றால் காப்பித்தூள், கிராம்பு போன்ற பழகிய பொருள்களை ஒவ்வொரு மூக்குத் துளையிலும் தனித்தனியாக முகரச் செய்ய வேண்டும். "பழகிய" என்பது இங்கே முக்கியம். அமெரிக்காவில் உருவான நாற்பது வாசனைகள் கொண்ட ஒரு சோதனை பல நாடுகளில் பயன்படுகிறது. அதில் ஊறுகாய் வாசனை உண்டு; ஆனால் அது நம் மாங்காய் ஊறுகாய் அன்று, அமெரிக்கர்களின் வெள்ளரி ஊறுகாய்! பாட்டி அதை அடையாளம் காணாவிட்டால் குற்றம் அவர் மூக்கினுடையதா, சோதனையினுடையதா? மல்லிகையையும் கறிவேப்பிலையையும் கொடுத்துப் பார்த்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்.

கோடாலித் தைலம் மட்டும் இதற்கு உதவாது. அதிலுள்ள மெந்தாலும் கற்பூரமும் மூக்கினுள் சுரீரென்று உறைக்கும். அந்த உறைப்பை உணர்வது முதல் நரம்பு அன்று. முகத்தின் தொடுவுணர்ச்சிக்கு உரிய ஐந்தாம் நரம்பு. வாசனையே தெரியாதவர்கூடத் தைலத்தை முகர்ந்தால் முகத்தைச் சுளிப்பார். மருத்துவரும் ஏமாந்துபோவார்.

அடுத்து, கண்கள். பார்வை எவ்வளவு தூரம் பரவுகிறது, வெளிச்சம் பட்டதும் கண்ணின் பாவை சுருங்குகிறதா என்று மருத்துவர் பார்க்கிறார். தலையை அசைக்காமல் விரலைக் கண்ணால் பின்தொடரச் சொல்கிறார். மூன்று இணை நரம்புகள் சேர்ந்து செய்யும் வேலை அது. பாட்டிக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. தெருவையே பார்த்துப் பழகிய கண்கள் அல்லவா!

பிறகுதான் சிக்கல் வருகிறது. "முகம் உணர்ச்சியற்று இருக்கிறதா?" என்று மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். "பாட்டி, முகம் மரத்துப்போச்சா?" என்கிறான் பேரன்.

"ஆமாய்யா, மரத்துப்போச்சு."

அவன் அதை அப்படியே மொழிபெயர்க்கிறான். மருத்துவர் தலையசைத்துவிட்டுப் பஞ்சினால் பாட்டியின் நெற்றி, கன்னம், தாடை ஆகிய மூன்று இடங்களிலும் இருபுறமும் மெல்லத் தொடுகிறார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியுது" என்கிறார் பாட்டி. பேரன் திகைக்கிறான். பாட்டி "மரத்துப்போச்சு" என்று சொன்னது "அசைய மாட்டேன் என்கிறது" என்னும் பொருளில்! உணர்ச்சி இல்லை என்பதற்கும் அசைவு இல்லை என்பதற்கும் பேச்சுவழக்கில் பலர் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். தமிழில் மட்டும் இப்படி இல்லை. ஆங்கிலம் பேசும் நோயாளிகளும் முகம் அசையாதபோது அது மரத்துவிட்டதாகவே சொல்வதுண்டு. ஆனால் மருத்துவருக்கு அவை இரண்டும் வேறு வேறு நரம்புகள். முகத்தின் உணர்ச்சிக்கு ஐந்தாவது, அசைவுக்கு ஏழாவது. ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல் இந்த நரம்புகளைப் பற்றி 1821இல் எழுதிய பிறகே மருத்துவ உலகம் இவற்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது.

அதன்பின் பேரன் கவனமாகிறான். ஒவ்வொரு சொல்லையும் யோசித்துச் சொல்கிறான். "பாட்டி, கண்ணை இறுக்கி மூடுங்க. பல்லைக் காட்டுங்க. கன்னத்தைப் பலூன் மாதிரி ஊதுங்க." பாட்டியின் வலது கண் மூடுகிறது. இடது கண் பாதி திறந்தே இருக்க, கருவிழி மட்டும் மேலே செருகிக்கொள்கிறது. பேரனுக்குப் பயமாக இருக்கிறது. மூட முயலும்போது கருவிழி மேலேறுவது பெரும்பாலோருக்கு இயல்பு. இமை மூடிவிடுவதால் அது வெளியே தெரிவதில்லை. இதற்கும் சார்லஸ் பெல்லின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

"புருவத்தை மேலே தூக்கச் சொல்" என்கிறார் மருத்துவர்.

"பாட்டி, நெத்தியைச் சுருக்குங்க. என்னைத் திட்டுறப்போ செய்வீங்களே, அந்த மாதிரி."

பாட்டி முயல்கிறார். வலது நெற்றியில் கோடுகள் விழுகின்றன. இடது நெற்றி, தேய்த்து மடித்த துணிபோல வழவழப்பாக இருக்கிறது. மருத்துவரின் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்கிறது.

பேரனுக்கு இது விளங்கவில்லை. வாய் மட்டும் கோணியிருந்தால் பரவாயில்லை, நெற்றியும் சேர்ந்து போய்விட்டதே, இதில் நிம்மதிக்கு என்ன இருக்கிறது? இங்கேதான் இந்த நரம்பின் விந்தை இருக்கிறது. நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. பக்கவாதத்தால் மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டாலும் மறுபக்கம் நெற்றியைக் காப்பாற்றிவிடும். வாய்ப்பகுதிக்கு அந்த வசதி இல்லை. அதற்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையிலிருந்து மட்டுமே கட்டளை வருகிறது. ஆகவே, பக்கவாதத்தில் பொதுவாக வாய் கோணும், நெற்றி சுருங்கும். நெற்றியும் சுருங்கவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் மூளையில் இல்லை. மூளையை விட்டு வெளியே வந்த நரம்பில் இருக்கிறது. காதுக்குப் பின்னால், எலும்பில் உள்ள குறுகலான பாதை வழியாக ஏழாம் நரம்பு செல்கிறது. அங்கே அது வீங்கினால் முகத்தின் ஒரு பாதி முழுவதும் அசைவற்றுப்போகும். 'பெல் வாதம்' எனப்படும் முகவாதம் இது. பார்ப்பதற்கு மோசமாக இருக்கும் முகத்தில்தான் நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது!

"பெரும்பாலும்" என்று சொன்னதை மருத்துவர் மறக்கவில்லை. மூளையின் அடித்தண்டில் ஏற்படும் பாதிப்பும் சில வேளைகளில் இப்படியே தோன்றும். அங்கே நரம்புகள் நெருக்கமாக இருப்பதால், ஒன்று மட்டும் தனியாகக் கெடுவது அரிது. மற்ற நரம்புகளையும் ஒன்றுவிடாமல் சோதிப்பது அதற்காகத்தான். காதருகே இசைக்கவையை ஒலிக்கச் செய்கிறார். காதினுள் கொப்புளம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார். "ஆ" என்று சொல்லச் செய்து உள்நாக்கு நேராக உயர்கிறதா என்று கவனிக்கிறார். தோள்களைக் குலுக்கச் சொல்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். பன்னிரண்டாம் நரம்பு பழுதாகியிருந்தால் நாக்கு பழுதான பக்கமாகவே சாயும். கைகால்களின் வலுவையும் நடையையும் பார்க்கிறார். எல்லாம் சரியாக இருக்கின்றன.

வீட்டில் இருப்பவர்கள் நெற்றியைப் பார்த்துத் தாங்களே முடிவுகட்டிவிடக் கூடாது. பேரன் 995ஐ அழைத்தபோது அவனுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அழைக்கத்தான் வேண்டும்.

வருடிப் படமெடுக்கும் கருவி ஒரு நோயாளியின் மூளையை முதன்முதலில் படம்பிடித்தது 1971இல், லண்டனில். அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, 1950இல், சென்னைப் பொது மருத்துவமனையில் மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கியவர் டாக்டர் பா. ராமமூர்த்தி. அந்தக் காலத்து மருத்துவர்கள் மண்டைக்குள் எங்கே கோளாறு என்பதை அறிய, நோயாளியின் பேச்சையும் கண்ணையும் முகத்தையும் நாக்கையும் பெரிதும் நம்பவேண்டியிருந்தது. இன்று நல்ல கருவிகள் பல வந்துவிட்டன. ஆனாலும் எந்த இடத்தைப் படம்பிடிக்க வேண்டும் என்று கருவியிடம் சொல்வதற்குப் பஞ்சும் விளக்கும் இன்னும் தேவைப்படுகின்றன.

பாட்டிக்கு ஸ்டீராய்டு வகை மாத்திரை கொடுக்கிறார்கள். அதை முதல் மூன்று நாள்களுக்குள் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். மூடாத கண் உலர்ந்து புண்ணாகிவிடாமல் இருக்கச் சொட்டு மருந்தும் தருகிறார்கள். இரவில் இமையை மெல்லிய ஒட்டுப்பட்டையால் மூடி ஒட்டவேண்டும். அந்த வேலையைப் பேரன் ஏற்றுக்கொள்கிறான். முதல் இரவு புருவமுடியின் மேலேயே ஒட்டிவிட்டு, காலையில் நன்றாகத் திட்டு வாங்குகிறான்.

இத்தகைய முகவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தேறிவிடுகிறார்கள். பாட்டி மறுநாளே கடைக்குப் போகத் துடிக்கிறார். வாய் கோணியபடி வாடிக்கையாளர் முன் உட்காருவது எப்படி என்று மகள் தயங்குகிறார். "பூவைப் பார்க்க வர்றவங்க என் மூஞ்சிய ஏன் பார்க்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டுப் பாட்டி கிளம்பிவிடுகிறார். தேநீரை மட்டும் உறிஞ்சுகுழாய் வைத்துக் குடிக்கிறார்.

நான்காம் வாரம் ஒரு சனிக்கிழமை, பேரன் செவ்வந்தி மாலைக்கு இரண்டு வெள்ளி குறைவாக வாங்கிவிடுகிறான். பாட்டி திரும்பி அவனை முறைக்கிறார். இடது புருவத்துக்கு மேலே, நூலிழைபோல மெல்லியதாக, ஒரு கோடு விழுகிறது.

"பாட்டி, இன்னொரு தடவை திட்டுங்க" என்கிறான் பேரன்.